முந்தானை விரித்த கை லெட்ஜர் எழுதுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று, கடை எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. ஏழு தாள். முன்பக்கத்துக் கடைப் பெயரைப் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியத்தான் செய்கிறது. கவலை வேண்டாம் தங்கச்சி, படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்குச் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, எனக்கு 31 வயது. வேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனில் நிற்கிறேன். இந்த ஜூனோடு ஒன்பது வருடம் முடிந்தது. சம்பளம் 14,000, சீசனில் இன்சென்டிவ் தனி. பி.காம் படித்தேன். காஸ்ட் அக்கவுண்டிங் ஒரு பேப்பர் அரியர், அப்படியே விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறார். பெண் மூன்றாம் வகுப்பு. கடை மூட ஒன்பதரை ஆகிறது. டவுன் பஸ் கிடைக்காமல் வெளியூர் பஸ்ஸில் 30 ரூபாய் கொடுத்து வீடு வந்து சேர்வதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறாள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது. நிற்கிற வேலையைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். 'இத்தனை வருஷம் சேலை காட்டினவங்களுக்கு உட்கார்ந்து கணக்கு எழுதப் பொறுமை வருமா?' என்று கேட்டார். 9,000 தருவாராம், ஆனால் உடனே வரணுமாம். வீட்டில் எல்லாரும் கையில் இருப்பதை விடாதே என்கிறார்கள். இந்த வயதில் மாற முடியுமா அக்கா?
*பெயர் வேண்டாம், பள்ளிகொண்டா*

மாறலாம். ஆனால் உடனே வேண்டாம், பொங்கல் முடிந்ததும் மாறுங்கள். ஏன் பொங்கல் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஆடிட்டர் கேட்ட கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அதையே என்னிடமும் ஒருவர் கேட்டார்.

1991-ல் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு மெயின் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தவள் நான். மாசம் 450 ரூபாய். எட்டு வருடம் சேலை காட்டினேன். அந்தக் கடையில் மார்ச் 31 ராத்திரி ஸ்டாக் எடுப்போம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒருத்தி சேலையை ரகம் ரகமாக எண்ணிச் சொல்ல இன்னொருத்தி அட்டையில் எழுதுவாள். 'பூனம் இருபத்திரெண்டு, வாயில் பதினேழு, பார்டர் வாயில் ஒம்போது...' வெயில் ஆரம்பிக்கிற நேரம், குடோனில் ஃபேன் கிடையாது. மணி பதினொன்றைத் தாண்டினால் கண் சொருகும். ஒரு வருடம், எண்ணிய ரேக்கையே மறுபடியும் எண்ணிவிட்டேன். மறுநாள் காலையில் தலை சீவிக்கொண்டிருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

1999-ல் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன். மூன்றாவது மாதம் என் முன்னால் ஒரு கடையின் வருடக் கணக்கு. அதில் 'இறுதிச் சரக்கிருப்பு' என்று ஒரு வரி. இந்தத் தொகை கூடினால் லாபம் கூடும், லாபம் கூடினால் வரி கூடும் என்று அங்கிருந்த பெரியவர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. அறுபத்துச் சொச்சம் பூனம் சேலை! இல்லாத சேலைக்கு எங்கள் முதலாளி வரி கட்டியிருப்பாரே! அடுத்த வருட ஆரம்ப இருப்பில் அது தானாகக் கழிந்துவிடும் என்று புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்த வாரத்தில்தான் எனக்குக் கணக்கு வந்தது. பக்கத்து சீட்டில் பி.காம் முதல் வகுப்பில் தேறிய பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு அது வெறும் வரி. எனக்கு அது குடோன், அட்டை, வியர்வை.

நீங்கள் ஒன்பது மார்ச் எண்ணியிருக்கிறீர்கள். அதோடு முடியவில்லை. வாங்கிய சேலையில் ஜரிகை பிரிந்திருக்கிறது என்று கொண்டுவந்து நீட்டுவார்கள், நீங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு சேலை கொடுப்பீர்கள். அப்போது பில்லிங்கில் ஒரு சீட்டு போடுகிறார்களே, அதுதான் கிரெடிட் நோட். ராத்திரி கல்லாவில் ஸ்வைப் மெஷினிலிருந்து நீளமாக ஒரு சீட்டு வரும். அதில் உள்ள தொகை அப்படியே பேங்கில் ஏறாது. மறுநாள், சில சமயம் அதற்கும் மறுநாள், கட்டணம் கழித்துக்கொண்டு ஏறும். கடைக் கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த வித்தியாசத்தைத் தேடுவதற்குப் பெயர் ரீகன்சிலியேஷன். பெயர்தான் பெரிசு. ஆரணியிலிருந்து பார்சல் வந்து பிரிக்கும்போது, பில்லில் 24 என்று இருந்து உள்ளே 23 இருந்தால் உரக்கச் சொல்வது யார்? நீங்கள்தானே. ஆபீசில் அதையே கம்ப்யூட்டரில் செய்வீர்கள். நம் கடை வாங்கியதாகச் சொல்லும் பில்லெல்லாம், விற்றவர் தாக்கல் செய்த கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி என்ற பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மாதம் 14-ம் தேதி வாக்கில் அந்தப் பட்டியல் வரும். அதில் இல்லாத பில்லுக்கு வரி வரவு கிடைக்காது, சப்ளையருக்குப் போன் போட்டுத் தொல்லை கொடுக்க வேண்டியதுதான். பேரம் பேசுகிற ஆட்களோடு ஒன்பது வருடம் பேசிய வாய் உங்களுடையது. இந்த வேலைக்குப் புதுசாகக் காலேஜிலிருந்து வரும் பிள்ளைகள் போனை எடுக்கவே கூச்சப்படுகிறார்கள்.

இன்னொன்று. ஆயத்த ஆடை ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இப்படி. அதற்கு முன்னால் எல்லை 1,000 ரூபாய். சேலையோ துணி என்ற கணக்கில் 5 சதவீதத்திலேயே நிற்கும், 40,000 ரூபாய் பட்டாக இருந்தாலும். இதைப் புத்தகத்தில் படிப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டும். உங்களுக்கு ரேக்கைப் பார்த்தாலே எது எதில் சேரும் என்று தெரியும்.

ஆகவே பொறுமை வருமா என்று கேட்ட அந்த ஆடிட்டருக்கு, ஒரு கல்யாண வீட்டார் பதினாலு பேர் வந்து நாலு மணி நேரம் நூற்றைம்பது சேலை பிரிக்கச் சொல்லி, கடைசியில் 'நாளைக்கு வர்றோம்' என்று எழுந்துபோன கதையைச் சொல்லுங்கள். உங்களிடம் ஒன்றா இருக்கும்? ஐம்பது இருக்கும்.

சரி, எங்கே கஷ்டப்படுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இந்தப் பற்று, வரவு. நாம் வாயால் வரவு என்று சொன்னால் பணம் வந்தது என்று அர்த்தம். கணக்கிலோ, ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்றுப் பக்கம் எழுத வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லே காலை வாரும். முதல் வாரம் நான் ஒரு மளிகைக் கடையின் ரொக்கப் புத்தகம் முழுவதையும் பக்கம் மாற்றி எழுதினேன். பெரியவர் திட்டவில்லை, என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலும் ரப்பரும் கொடுத்தார். பேனா திரும்ப வர இரண்டு மாதம் ஆனது.

அடுத்தது அமைதி. கடையில் ஒரு நாளைக்கு அறுபது பேர் 'ம்மா, அந்த ராமர் பச்சையைக் காட்டு' என்பார்கள். ஆபீசில் காலையில் சொன்ன குட்மார்னிங்கோடு சரி, அப்புறம் ஃபேன் சத்தமும் கீபோர்டு சத்தமும்தான். எனக்கு முதல் மாதம் பேச்சு மறந்துவிடுமோ என்றே பயமாக இருந்தது. கடையில் தப்பு செய்தால் அந்த இடத்திலேயே முதலாளி கத்திவிடுவார். ஆபீசில் போன வருடம் செய்த தப்பு இந்த வருடம் நோட்டீஸாக வரும். மாதம் இரண்டு நாள் ஆபீஸ் தீபாவளி சீசன் கடை மாதிரி இருக்கும்: 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ம் தேதி 3பி என்ற வரிக் கணக்கு, இரண்டுக்கும் அதுதான் கடைசி நாள். ஆடிட்டர் ஆபீசில் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் அந்த இரண்டு நாளையும் கழித்துக்கொண்டு நம்புங்கள். வருமான வரி சீசனில் இன்னும் சில நாள்.

கால்வலி போய் இடுப்பு வலி வரும் என்பதும் உண்மை. மணிக்கு ஒரு தடவை தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்திருங்கள்.

இப்போது பொங்கல் விஷயம். ஜூனோடு ஒன்பது வருடம் என்றீர்கள். வேலையை விட்டால் உங்களுக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வர வேண்டும் என்பது தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கடையில் ஐந்து வருடம் முடித்தவர், தானாகவே ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. கணக்கு இது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். உங்கள் 14,000-ல் அந்த இரண்டும் சேர்ந்து 10,000 என்று வைத்துக்கொண்டால், ஒன்பது வருடத்துக்கு 51,923 ரூபாய். ஆறு மாதம் தாண்டிய மிச்சத்தை முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். ஜனவரியில் விட்டால் உங்களுக்கு ஒன்பது வருடம் ஏழு மாதம், அதாவது பத்து. 57,692 ரூபாய். எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். முப்பது நாளுக்குள் தர வேண்டும். 'அதெல்லாம் நம்ம கடையில் வழக்கமில்லை' என்பார்கள். வழக்கம் வேறு, சட்டம் வேறு. தொழிலாளர் துறை அலுவலகம் இதற்குத்தான் இருக்கிறது.

பிஎஃப்-லும் இதே பத்து வருட விஷயம் உண்டு. பத்து வருட சர்வீஸ் இருந்தால் பிற்காலத்தில் பென்ஷனுக்குத் தகுதி. அங்கேயும் ஆறு மாதத்தை ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நீங்கள் கடையில் சேர்ந்த தேதியும் பிஎஃப் பிடிக்க ஆரம்பித்த தேதியும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பாஸ்புக்கை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஒரு வேளை பத்துக்குக் குறைந்தால், கையில் வருகிறதே என்று பென்ஷன் பணத்தை எடுத்துவிட வேண்டாம். ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால் பிறகு சேர்கிற இடத்தில் அந்த வருடங்கள் கூடிக்கொள்ளும்.

அப்புறம் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. மாதம் 21,000 வரை வாங்குபவருக்கு உண்டு, உங்களுக்குப் பிடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் போகப்போகிற ஆபீசில் நாலு பேர், ஐந்து பேர் இருப்பார்கள், அங்கே இஎஸ்ஐ இருக்காது. ஆகவே அந்தக் காலை இந்த அட்டை கையில் இருக்கும்போதே காட்டி வைத்தியம் பாருங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். தீபாவளி போனஸும் வந்துவிடும், பொங்கல் சீசன் இன்சென்டிவும் வந்துவிடும், அதற்கு மேல் கடைக்கும் நீங்கள் பாதி சீசனில் விட்டுப்போன பெயர் இருக்காது. ஜனவரிக் கடைசியில் ஆபீசில் சேர்ந்தால் இயர் எண்டிங்குக்கு முன்னால் கை கொஞ்சம் பழகியிருக்கும்.

பணம் 5,000 குறைகிறது. அதில் ராத்திரி பஸ்ஸுக்கு மாதம் 780 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. ஆறரைக்கு இறங்கினால் டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்கு அதில் 2021-லிருந்து டிக்கெட் கிடையாது. மிச்சம் நாலாயிரத்து இருநூறு. கிராஜுவிட்டிப் பணத்தை நகைக்கடைக்குக் கொண்டுபோகாமல் பேங்கில் போட்டு மாதாமாதம் எடுத்தால் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தை நிரப்பும். அந்த ஒரு வருடத்துக்குள் நீங்கள் தனியாக ரிட்டர்ன் போடுகிற அளவுக்கு வந்துவிட வேண்டும், இதுதான் ஒப்பந்தம், உங்களுக்கும் உங்களுக்கும். நானும் 1,400-லிருந்து 900-க்குத்தான் இறங்கினேன். என் அம்மா மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இந்த நாலைந்து மாதத்தில் என்ன செய்யலாம்? கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டாலி மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய தொகை கேட்கும் சென்டருக்குப் போக வேண்டாம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடைத்தால் டாலியைக் கல்வி முறையில் இலவசமாகவே திறக்கலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் எண்ட்ரி போட விடும். பழகுவதற்கு அது போதும். எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வாங்கியது, எஃப்8 விற்றது, எஃப்9 வாங்கியது. பார்க்காமல் விரல் போகிற வரைக்கும் போடுங்கள். எதைப் போடுவது? உங்கள் செக்‌ஷனில் ஒரு நாள் நடந்த வியாபாரத்தை ஞாபகத்திலிருந்து போடுங்கள். இன்றைக்கு எத்தனை சேலை, எத்தனை கார்டு, எத்தனை ரொக்கம், எத்தனை ரிட்டர்ன். வார லீவு நாளில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஆச்சு.

அந்த அரியர் பேப்பரை விட்டுவிடாதீர்கள். எண்ட்ரி வேலைக்கு டிகிரி கேட்க மாட்டார்கள், ஆனால் மற்றவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுத் தருகிற ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஆவதற்கு வணிகவியல் மாதிரியான டிகிரி முடித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு தேர்வு. பழைய பேட்ச்சுக்கு இப்போது எழுத வாய்ப்பு இருக்கிறதா என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்றால் சேர்க்காட்டுக்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். போனில் கேட்டால் கேட்டுக்கொண்டேதான் இருப்பீர்கள்.

'உடனே வா' என்ற அந்த ஆடிட்டர் ஜனவரி வரை காத்திருக்க மாட்டார் என்றால் போகட்டும். நல்ல கை கிடைக்காமல் எல்லா ஆபீசிலும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், என் ஆபீஸ் உட்பட.

ஆஸ்பத்திரி பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஆறு வருடமாக கவுன்டரில் இருக்கிறேன். பெங்காலியும் இந்தியும் பேசுவேன், எழுத வராது. ஆஸ்பத்திரி ஆபீஸ் வேலைக்குப் போகலாமா?
*வாசகர், தோட்டப்பாளையம்*

தம்பி, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசி வேலூரில் பாதிப் பேர் பெங்காலி பேசுகிறோம், அதை ஒரு படிப்பாக யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும். வரவேற்பு, அட்மிஷன், பில்லிங், இன்சூரன்ஸ் டெஸ்க் இதற்கெல்லாம் விண்ணப்பிக்கும்போது மொழியை முதல் வரியில் எழுதுங்கள், கடைசியில் பொழுதுபோக்கு பக்கத்தில் எழுதாதீர்கள். டாக்டர் கையெழுத்து படிக்கத் தெரியும், மருந்துப் பெயர் தெரியும் என்பதையும் எழுதுங்கள். இன்சூரன்ஸ் டெஸ்க் வேலையில் பாதி, நோயாளியின் வீட்டாருக்கு எந்தக் காகிதம் இல்லை என்று புரிய வைப்பதுதான். எழுத்துக்கு இந்தி மட்டும் கற்றுக்கொண்டால் போதும், மூன்று மாதம்.

செருப்புக் கடையில் வேலை. 28 வயது, பிளஸ் டூ. குரூப் 4 எழுத ஆசை. இந்தக் காலத்திலும் டைப்ரைட்டிங் கிளாஸ் போவது வீண் வேலை என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
*வாசகர், குடியாத்தம்*

சிரிக்கட்டும். குரூப் 4 தேர்வு வழியாகத்தான் டைப்பிஸ்ட் வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள், அதற்கு அரசு தொழில்நுட்பத் தேர்வில் டைப்ரைட்டிங் தேறியிருக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் தேர்வு நடத்துகிறது. லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை. கடை திறப்பதற்கு முன்னால் காலை ஆறரை மணி பேட்ச் கிடைக்கிறதா பாருங்கள்.

நான் கொசப்பேட்டையில் அந்த ஆறரை மணி பேட்ச்தான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. சுண்டு விரலுக்குப் பலம் வராமல் ஏ மட்டும் மங்கலாக விழும். இன்ஸ்டிட்யூட் அம்மா பக்கத்தில் வந்து நின்று அந்த விரலை மட்டும் இரண்டு விரலால் பிடித்து அழுத்துவார். இன்றைக்கும் எனக்கு ஏ கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழும்.

தேர்வுக்கு மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். இதில் தமிழ்ப் பகுதி 100 கேள்வி. அந்தப் பகுதியில் 40 சதவீதம் வாங்கவில்லை என்றால் மிச்சத்தைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று விட்டுக் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடை வேலையை மட்டும் இதற்காக விடாதீர்கள்.

என் மகன் சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிறான். சென்னையில் பெரிய கம்பெனியில் ஆபீஸ் வேலை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சியில் 60,000 கேட்கிறார்கள். பாதி முன்பணமாம். நகையை வைக்கலாமா?
*ஒரு தாய், ஆற்காடு*

வைக்காதீர்கள்மா. சம்பளம் கொடுப்பவர்கள்தான் ஆள் தேடித் தந்ததற்குக் காசு கொடுப்பார்கள், வேலைக்குப் போகிறவரிடம் வாங்க மாட்டார்கள். ஆஃபர் லெட்டர் காட்டினால் அதில் உள்ள நம்பருக்கு அடிக்காமல், அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பரைத் தேடி அடித்துக் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு எனக்கு எழுதுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். அப்படியானால் பணம் அனுப்பிய ரசீதோடு போலீஸில் எழுதிக் கொடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

எங்கள் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். சட்டம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?
*சேல்ஸ் பெண், சத்துவாச்சாரி*

உண்மை. 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பதற்குத்தான் அது. ஸ்டூல் இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்காகப் போட்டது போலிருக்கிறது. நீங்கள் ஒருத்தி உட்கார்ந்தால் முறைப்பார். கஸ்டமர் இல்லாத நேரமாகப் பார்த்து செக்‌ஷனில் நாலு பேரும் சேர்ந்து உட்காருங்கள், எத்தனை பேரை முறைப்பார் பார்ப்போம். எங்கள் காலத்தில் ஸ்டூலும் இல்லை, சட்டமும் இல்லை. துணிக்கட்டு இறக்குகிற சாக்கில் குடோனுக்குப் போய்க் கட்டு மேலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

இப்போது நீங்கள் ஜவுளிக்கடைக்கு வாங்கப் போனால் எப்படி இருக்கும் அக்கா?
*வாசகி, காட்பாடி*

எடுக்காத சேலையையெல்லாம் என்னை அறியாமல் மடித்து வைத்துவிட்டு வருவேன். போன ஆடித் தள்ளுபடியில் அப்படி நாலு சேலை மடித்தேன். அங்கே நின்ற பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'விடுங்கக்கா, எங்க கடை மடிப்பு வேற. நீங்க மடிச்சதை நாங்க பிரிச்சு மறுபடியும் மடிக்கணும்' என்றாள்.